நாலு ஜெர்மன் வண்டி, ஒரே ஒரு பார்க்கிங் இடம்

என் மாமா பையனுக்கு பெங்களூர் சர்ஜாபூர் ரோட்டில் வேலை. குடியிருக்கிற அபார்ட்மென்ட்டில் அவனுக்கு ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு பார்க்கிங் இடம். கையில் 14 லட்சம் சேர்ந்திருக்கிறது. தை பிறந்த வாரத்தில் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு வாட்ஸ்அப்பில் நாலு வண்டியின் படத்தை அனுப்பி, "அண்ணே, இதுல எது?" என்று மட்டும் கேட்டிருந்தான். பெண் பார்த்துவிட்டு வந்தவனைப் போல அவனுக்குத் தூக்கம் வரவில்லை என்பது அந்த மூன்று சொல்லிலேயே தெரிந்தது.

முதல் வண்டி 1996-ஆம் வருஷத்து மெர்சிடிஸ் இ 220. பூனாவில் பாகங்களைப் பூட்டிச் செய்தது, கையால் கியர் போடுவது, கேட்கிற விலை 6 லட்சம். இரண்டாவது 2003 பி.எம்.டபிள்யூ. 530ஐ, ஆர்வலர்கள் இ-39 என்று சொல்கிற தலைமுறை. இங்கிலாந்திலிருந்து குடிபெயர்ந்து திரும்பிய ஒருவர் தன்னோடு கொண்டுவந்தது, ஒன்பதரை லட்சம். மூன்றாவது அதே 530ஐ, ஆனால் அடுத்த தலைமுறையான இ-60, 2008-இல் நம் சென்னைத் தொழிற்சாலையில் பூட்டியது, ஏழரை. நாலாவது படத்தைப் பார்த்ததும் எனக்கே கொஞ்சம் மூச்சு நின்றது: 2007 எம்-5, அதாவது இதே பி.எம்.டபிள்யூ. செடானின் அதிவேக ரகம், பத்து சிலிண்டர், டெல்லி நம்பர். 22 கேட்கிறார்கள், பேசினால் 18-க்கு வருமாம். மீதிக்கு லோன் போடலாமா என்று பயல் யோசிக்கிறான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஆறு வருஷமாக ஒரு இ-39 இருக்கிறது. அதனால் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

அபூர்வமான வண்டி என்றால் விலை ஏறிக்கொண்டே போகும் என்று அவன் நம்புகிறான். ஜெர்மனியில் அது சரி. முதல் எம்-5, அதாவது 1980-களின் இ-28, சுமார் 2,200 தான் செய்தார்கள். எம்-1 ஸ்போர்ட்ஸ் காரின் வம்சத்து எஞ்சினைப் பார்த்தால் பாதிரியார் மாதிரி இருக்கிற ஒரு செடானுக்குள் வைத்து 286 குதிரைத்திறன் எடுத்தார்கள். அடுத்து வந்த இ-34 எம்-5 சுமார் 12,000. மெர்சிடிஸ் 500இ சுமார் 10,500. அதன் கதை இன்னும் ருசி. வேலையை போர்ஷேவிடம் கொடுத்தார்கள். சக்கர வளைவு அகலமாகிவிட்டதால் உடல்கூடு மெர்சிடிஸின் ஸிண்டெல்ஃபிங்கன் தொழிற்சாலைக்கும் போர்ஷேவின் ஸுஃபன்ஹௌஸன் தொழிற்சாலைக்கும் நடுவே போய்ப் போய் வந்தது. ஒரு வண்டி முடிய 18 நாள். அங்கே இவற்றின் விலை ஏறுவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் 500இ இடதுபக்க ஸ்டியரிங்கில் மட்டும்தான் வந்தது. நம் இறக்குமதி விதிப்படி பழைய கார் என்றால் செய்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது, ஸ்டியரிங் வலதுபக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். விண்டேஜ் என்று சலுகை கேட்கலாம் என்றால் 2021-இல் வந்த விதி 50 வயதைத் தாண்டிய வண்டிக்குத்தான். நாம் ஆசைப்படுகிற 1985 முதல் 2007 வரையிலான வண்டிகள் கிழவனும் இல்லை, குமரனும் இல்லை என்று நடுவில் மாட்டிக்கொண்டவை. அன்றைக்கு முறையாக உள்ளே வந்தது வந்ததுதான், இனி ஒன்றுகூட அதிகமாகாது.

எண்ணிக்கை கூடாது, குறைந்துகொண்டே போகும் என்றால் விலை ஏறத்தானே வேண்டும்? ஆறு வருஷத்துக்கு முன் நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். சிவாஜி நகரில் என் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் ஆம்பூர்க்காரர். அவர் ஒரே வாக்கியத்தில் கணக்கைக் கலைத்தார்: "தம்பி, வண்டி சீக்காகுறது ஒண்ணும் இல்ல, அதுக்கு ரத்தம் கொடுக்க இன்னொரு வண்டி ஊர்ல இருக்கணும்." பெங்களூரில் ஒரு கதவுப் பூட்டோ முகப்பு விளக்கோ வேண்டும் என்றால் முதலில் பழைய பாகம் விற்கிற குஜிரியில்தான் தேடுவோம், சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை மாதிரி. அங்கே உடைத்துப் போட்ட அண்ணன் தம்பி கிடந்தால் உங்கள் வண்டி பிழைக்கும். ஊருக்கே ஒன்று என்றால் அது ஒற்றைப் பிள்ளை. காய்ச்சல் வந்தால்கூட மருந்து ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வர வேண்டும். ஆகவே நம் ஊரில் ஒரு வண்டியை மதிப்பிடும்போது அபூர்வத்தைக் கூட்டலில் போடாமல், முதலில் கழித்தலில் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சுவதுதான் அதன் விலை.

அந்தக் கழித்தலில் எம்-5 முதலில் விழுந்தது.

வண்டியைக் குறை சொல்ல முடியாது. ஐந்து லிட்டர் வி-10, 507 குதிரைத்திறன், நிமிஷத்துக்கு 8,250 தடவை வரை சுற்றும் எஞ்சின். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற வண்டியில் இப்படி ஒன்றை வைக்க யாருக்கு மனசு வந்ததோ. ஆனால் அந்த எஞ்சினின் கனெக்டிங் ராட் பேரிங் தேயும். தேய்வது வெளியே தெரியாது. தெரியும்போது எஞ்சினே போயிருக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கெடுவதற்கு முன்பே மாற்றிவிடுகிறார்கள். த்ராட்டிலைத் திறக்கிற மோட்டார்கள் போகும். கிளட்சைத் தானே இயக்கிக்கொள்கிற ஏழு கியர் எஸ்.எம்.ஜி. பெட்டியின் ஹைட்ராலிக் பம்ப் போனால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். வட அமெரிக்காவில் மட்டும் கையால் கியர் போடுகிற எம்-5 தந்தார்கள். மற்ற எல்லாருக்கும் இந்த எஸ்.எம்.ஜி.தான் தலையெழுத்து. இந்த மூன்றில் எதைத் தொட்டாலும் லட்சத்தில்தான் பேச்சு ஆரம்பிக்கும்.

இதைக்கூட ஆசை தாங்கிக்கொள்ளும். தாங்காதது காகிதம். டெல்லியில் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்று 2014-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் தெரிந்த கதை. அந்தத் தடை பிறகு கோர்ட்டில் ஓரளவு தளர்ந்தது, ஆனால் அதற்குள் அங்கிருந்து வண்டிகள் தெற்கே இறங்க ஆரம்பித்துவிட்டன. மலிவாகத் தெரிகிற டெல்லி வண்டி ஒவ்வொன்றிலும் நான் முதலில் கேட்பது தடையில்லாச் சான்று கையில் இருக்கிறதா, இல்லை "வாங்கித் தருகிறோம்" என்ற வாக்குறுதி மட்டும்தானா என்று. இவன் கேட்டுப் பார்த்தான். வாக்குறுதிதான். சான்று வந்தாலும் கர்நாடகத்தில் ஆயுட்கால வரி கட்ட வேண்டும். அதை நீங்கள் கொடுத்த 18 லட்சத்தின் மேல் போட மாட்டார்கள், வண்டியின் அன்றைய விலையையும் இன்றைய வயதையும் வைத்துப் போடுவார்கள். புறப்படும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்காதே என்றேன். மறுநாள் எம்-5 படத்தை அவனே அழித்துவிட்டான். (போன் வால்பேப்பரில் இன்னும் இருக்கிறது.)

காகிதம் என்றதும் இன்னொன்று. 15 வருஷம் ஆன காருக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். இறக்குமதி வண்டி என்றால் 40,000. 2025 ஆகஸ்டில் 20 வயதைத் தாண்டியவற்றுக்கு இதை இரட்டிப்பாக்கினார்கள்: 10,000, 80,000. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. ஆக பூனா மெர்சிடிஸும் லண்டன் பி.எம்.டபிள்யூ.வும் அடுத்தடுத்து நின்றால், கண்ணுக்குத் தெரியாமல் நடுவில் 70,000 ரூபாய் வித்தியாசம் நிற்கிறது. விற்பவர்கள் இதை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். ஆர்.சி. எந்த மாதம் முடிகிறது என்று பார்த்து, ஒரு வருஷத்துக்குள் முடிகிறது என்றால் அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள்.

இறக்குமதி வண்டிக்கு சுங்க ரசீதின் நகல் இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். 2025 செப்டம்பரில் பூடான் வழியாக வந்த வண்டிகளைச் சுங்கத் துறை கேரளத்தில் பிடித்தபோது, நல்ல காசு கொடுத்து வாங்கியவர்கள் வாசலில்தான் லாரி வந்து நின்றது.

இனி மிச்சம் மூன்று.

இ 220-ஐ ஸ்போர்ட்ஸ் செடான் என்று சொன்னால் அந்த வண்டியே சிரிக்கும். நாலு சிலிண்டர், 2.2 லிட்டர், 150 குதிரைத்திறன், உள்ளே இரும்புக் குண்டுகள் உருளுகிற பழைய பால்-ஸ்டியரிங். திருப்பினால் "அப்படியா, யோசிக்கிறேன்" என்று பதில் சொல்லும். ஆனால் டபிள்யூ-124 என்ற அந்த உடல்கூட்டின் மேல்தான் 500இ எழுந்தது என்பது கதவைச் சாத்தும் சத்தத்தில் தெரியும். 1994-இல் கம்பெனி இந்தியாவுக்கு வந்து, 1995-இல் பூனாவில் முதலில் செய்த மாடல் இதுதான். அதனால்தான் நம் மெக்கானிக்குகளுக்கு இது சொந்தக்காரர் வீடு மாதிரி. ரத்தம் கொடுக்க ஊரில் ஆள் உண்டு. பார்க்க வேண்டியது மூன்று. எஞ்சின் வயரிங்: 1990-களின் நடுவில் வந்த மெர்சிடிஸ்களில் வயரின் மேலுறை காலப்போக்கில் அப்பளமாகப் பொடிந்துவிடும், மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். இரண்டாவது ஏ.சி. காயில்: அது டாஷ்போர்டுக்கு உள்ளே புதைந்திருக்கிறது, மாற்ற வேண்டுமானால் முழு டாஷ்போர்டையும் இறக்க வேண்டும், திரும்ப ஏற்றிய பிறகு கடகடவென்று சத்தம் வராமல் இருப்பது ஏற்றியவரின் கைராசி. மூன்றாவது துரு: ஜாக்கி வைக்கிற இடம், பின்கண்ணாடியின் கீழ் ஓரம். மும்பை நம்பர் வண்டி என்றால் கடல் காற்று எங்கே கடித்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த வண்டிக்கு ஐம்பதாயிரம் கூடக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

மிச்ச மூன்று வண்டியில் போட்ட பணம் அப்படியே நிற்கும் என்று நான் துணிந்து சொல்வது இதை மட்டும்தான். ஐந்து வருஷம் ஓட்டி விற்றாலும் வாங்க ஆள் இருப்பார்கள்.

இ-60 எதிர்முனை. சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007-இல் ஆரம்பித்த தொழிற்சாலையில் முதலில் பூட்டிய மாடல்களில் ஒன்று. பி.எம்.டபிள்யூ.வின் வடிவமைப்புத் தலைவராக இருந்த கிறிஸ் பேங்கிள் காலத்து வடிவம். அன்றைக்குத் திட்டாதவர் இல்லை, இன்றைக்குப் பார்த்தால் வயதே ஆகவில்லை. மூன்று லிட்டர், நேர்வரிசை ஆறு சிலிண்டர், பட்டு மாதிரி எஞ்சின். தினமும் சர்ஜாபூர் ரோட்டில் ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மூன்றிலும் இதுதான் சரி. ஆனால் மின்சாரத்தில் ஓடுகிற தண்ணீர் பம்ப் முன்னறிவிப்பு இல்லாமல் போகும், வால்வ் கவரில் ஆயில் கசியும், கியர் பெட்டிக்கு ஆயுள் முழுக்க ஆயில் மாற்றவே வேண்டாம் என்று சொன்னதை நம்பியவர்கள் எல்லாம் இப்போது பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். பஞ்சரானாலும் ஓடுகிற ரன்ஃபிளாட் டயர் நம் பள்ளத்தில் விழுந்தால் அலாய் விளிம்பே விரிசல் விடும். இதெல்லாம் தீர்க்க முடிந்த தொல்லை, பாகமும் கிடைக்கும். எனக்கு உறுத்துவது வேறு. இது இன்னும் பழைய காராகத்தான் இருக்கிறது, பழங்காலத்துக் காராக ஆகவில்லை. விலை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆசைக்கு வாங்குகிறவன் இதை வாங்கினால் மூன்றாவது மாதம் மறுபடி படம் பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

இ-39. சரி, வந்துவிட்டேன்.

இந்தத் தலைமுறையின் எம்-5-இல் 4.9 லிட்டர் வி-8, 400 குதிரைத்திறன். உலகமே அதைத்தான் கொண்டாடுகிறது. 530ஐ-யில் 231 தான். ஆனால் அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: வி-8 எஞ்சின் இடத்தை அடைத்துக்கொண்டதால் 540ஐ-க்கும் எம்-5-க்கும் பழைய பால்-ஸ்டியரிங் வைத்தார்கள், ஆறு சிலிண்டர் வண்டிகளுக்கு மட்டும்தான் ராக்-பினியன், அதாவது பல் வைத்த சட்டத்தை நேராகத் தள்ளுகிற ஸ்டியரிங். நந்தி மலைக்குக் காலை ஐந்தரைக்கு ஏறிப் பாருங்கள், வளைவில் முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும். இதற்கு மேல் புகழ்ந்தால் என் வீட்டம்மா படித்துவிட்டுச் சிரிப்பாள்.

புகழ்ந்தாயிற்று, இனி பழி. குளிர்விக்கும் பாகம் முழுக்க பிளாஸ்டிக்: ரேடியேட்டர் கழுத்து, கூலன்ட் டேங்க், தெர்மோஸ்டாட் உறை. எல்லாம் சூட்டில் வெந்து பிஸ்கட்டாகிவிடும். என் வண்டி ஒரு சித்திரை மாதம் சில்க் போர்டில் ஆவி விட்டு நின்றது. எடுத்துப் போன ஒர்க்‌ஷாப்பில் வெடித்த டேங்கை மட்டும் மாற்றி 38,000 வாங்கினார்கள். பழைய தெர்மோஸ்டாட்டையும் பம்பையும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஏழாவது வாரம் கிருஷ்ணகிரி டோலுக்கு முன்னால் இரண்டாவது தடவை. அன்றைக்குத்தான் ஆம்பூர் அண்ணனிடம் வந்து சேர்ந்தேன். இந்த வண்டியில் தண்ணீர் சம்பந்தப்பட்டதை ஒவ்வொன்றாக மாற்றவே கூடாது, ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பது அவர் சட்டம். அதற்குப் பிறகு எஞ்சின் சூட்டைக் காட்டுகிற ஊசி ஒரு தடவைகூட நடுவை விட்டு நகரவில்லை. இது போக ஆயில் கொஞ்சம் குடிக்கும், மீட்டரின் எழுத்துகள் புள்ளி புள்ளியாக மறையும், ஊருக்குள் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல நாள்.

இந்த மூன்று வண்டியுமே 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. வாங்கின முதல் வாரமே எரிபொருள் ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் டேங்கை அரைகுறையாக விடாதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குழாய் கசிந்து எஞ்சின் மேல் சொட்டினால் அப்புறம் ஒப்பீட்டுக் கட்டுரைக்கு வேலை இல்லை.

இன்ஷூரன்ஸ் பற்றிச் சுருக்கமாக. ஐந்து வயது தாண்டிய காருக்குத் தேய்மான அட்டவணை கிடையாது. மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்ய வேண்டும். ஆன்லைனில் பொத்தான் அழுத்தினால் ஒரு லட்சத்து சொச்சம் என்று வரும். நேரில் போய், படமும் பில்லும் மதிப்பீட்டாளர் அறிக்கையும் வைத்துப் பேசினால் நியாயமான தொகை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பில்லைச் சேர்த்து வைக்காதவனுக்கு அந்தப் பேச்சே இல்லை.

பில் என்றதும் மதிப்பீட்டின் மறுபாதி வருகிறது. ஒரே மாடல், ஒரே வருஷம், ஒரே நிறம். ஒன்றுக்கு 6, இன்னொன்றுக்கு 10 என்றால் நடுவில் இருக்கிற 4 லட்சம் பெரும்பாலும் ஒரு தடிமனான ஃபைல். சேஸிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்தை வைத்து பி.எம்.டபிள்யூ. எந்த நிறத்தில், என்னென்ன வசதியோடு பிறந்தது என்று எடுத்துவிடலாம். உண்மையான எம்-5 என்றால் எண் டபிள்யூ-பி-எஸ் என்று தொடங்கும். டபிள்யூ-பி-ஏ என்று தொடங்கினால் பின்னால் ஒட்டியிருக்கிற எம் எழுத்து ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையில் வாங்கியது.

ஆக அவனுக்கு நான் சொன்னது இது. ஆபீஸுக்கும் கல்யாணத்துக்கும் மழைக்கும் வெயிலுக்கும் இது ஒன்றுதான் வண்டி என்றால் மெர்சிடிஸை எடு, மீதிப் பணத்தைத் தொடாதே. ஆபீஸ் கேப் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வண்டி என்றால் இ-39, ஆனால் விலைக்கு மேல் 3 லட்சம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு. ஆபீஸ் கேப் இருக்கிறது என்றான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

ஒரு ஞாயிறு நான், இவன், ஆம்பூர் அண்ணன் மூன்று பேரும் ஃப்ரேஸர் டவுனில் அந்த 530ஐ-யைப் பார்க்கப் போனோம். வண்டி குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ண வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தும், போனபோது பானெட் சுட்டது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பெயின்ட் ஒரிஜினல், சீட் தோலில் விரிசல் இல்லை, சுங்க ரசீது பக்காவாக இருந்தது. மீட்டரில் 94,000. இவன் ஏற்கெனவே மனசுக்குள் சாவியை வாங்கிவிட்டான்.

அப்போது அண்ணன் ஓடோமீட்டருக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி. இந்தத் தலைமுறையில் கிலோமீட்டர் கணக்கு மீட்டரில் மட்டும் இல்லை, விளக்குகளைக் கவனிக்கிற இன்னொரு பெட்டியிலும் எழுதப்படுகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் புள்ளி எரியும். அவர் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்: அந்தப் பெட்டியில் 1,61,000.

"மீட்டர் எழுத்து போச்சு, வேற மீட்டர் போட்டோம் சார்" என்றார் விற்பவர். நடக்கக்கூடியதுதான். மாற்றிய பில் இருக்கிறதா என்று கேட்டேன். தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்.

திரும்பும்போது இவன் முகம் தொங்கிப்போயிருந்தது. "வண்டி நல்ல வண்டிதான், 1,61,000-ங்கறது இந்த எஞ்சினுக்கு ஒரு வயசே இல்ல" என்றார் அண்ணன். "ஆனா 94-னு நெனச்சு எதை எதை மாத்தாம விட்டாங்களோ, அதையெல்லாம் நீதான் மாத்தணும். ஏழுக்குக் குடுத்தா எடு."

ஏழு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். ஒன்பது நாளாகிறது, போன் வரவில்லை. தினமும் ராத்திரி பதினொன்றரைக்கு இவன்தான் எனக்குப் போன் பண்ணுகிறான்.